டாக்டர் சீட்டு இல்லாமல் பிசியோதெரபி: அமெரிக்காவில் நேராகப் போய்ச் சேர்வதற்கான முழுமையான வழிகாட்டி

டாலஸ் புறநகர் ஒன்றில், பிசியோதெரபி நிலையத்தின் வரவேற்பு மேசை முன்னால் வலது கையைத் தொங்கவிட்டபடி நின்றுகொண்டிருந்தேன். சட்டைப் பொத்தானைக்கூட அன்று இடது கையால்தான் போட்டிருந்தேன். மேசையில் இருந்த பெண்மணி, "டாக்டரிடமிருந்து ரெஃபரல் கொண்டுவந்திருக்கிறீர்களா?" என்று கேட்டார். "டெக்சஸில் ரெஃபரல் இல்லாமலே வரலாமே, சட்டம் இருக்கிறதே" என்றேன், முந்தைய இரவு படித்து வைத்த தைரியத்தில். அவர் சிரித்தார். "சட்டம் உங்களை உள்ளே விடும். பணத்தை யார் கட்டுவது? உங்கள் இன்சூரன்ஸிடம் கேட்டீர்களா?"

கேட்கவில்லை. தொங்கவிட்ட கையோடு காருக்குத் திரும்பினேன்.

ஊரில் தெருமுனைப் பிசியோதெரபி மையத்துக்குச் செருப்பை மாட்டிக்கொண்டு நடந்துபோய் உட்கார்ந்து பழகிய நமக்கு, இந்தக் கேள்வியே விசித்திரமாகத் தோன்றும். இங்கே வாசலில் மூன்று பூட்டுகள் உண்டு: மாநிலச் சட்டம், இன்சூரன்ஸ், அந்த நிலையத்தின் சொந்த வழக்கம். ஒவ்வொன்றுக்கும் சாவி வேறு. முதல் பூட்டைப் பற்றி மட்டும் படித்துவிட்டுப் போனவன் நான். மூன்றையும் வரிசையாகத் திறப்பது எப்படி என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

தொடங்கும் முன்: நேராகப் போகக் கூடாதவர்கள்

டாக்டரைத் தாண்டிப் போகலாம் என்றால், டாக்டர் கேட்டிருக்க வேண்டிய கேள்விகளை நாமே நம்மிடம் கேட்டுக்கொள்ள வேண்டும் என்று பொருள்.

முதுகுவலியோடு சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்கிறதா, அல்லது தன்னையறியாமல் போய்விடுகிறதா? சைக்கிள் இருக்கையில் படும் இடமெல்லாம் மரத்துப்போயிருக்கிறதா? இரண்டு கால்களும் ஒருசேர வலுவிழக்கின்றனவா? அப்படியானால் அன்றைக்கே, அந்த நேரமே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். தண்டுவடத்தின் கீழ்முனை நரம்புக் கொத்து நசுங்குவதன் அறிகுறிகள் இவை. தாமதித்தால் நிரந்தரமாகப் பாதித்துவிடும். இடது தோள் வலியோடு நெஞ்சை அழுத்துவதுபோல் இருந்தால் உடனே அவசர எண் 911ஐ அழையுங்கள். நீண்ட விமானப் பயணத்துக்குப் பிறகு ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால், ரத்தக்கட்டு இல்லை என்று உறுதியாகும் வரை அதை யாரும் பிடித்துவிடக் கூடாது. கணுக்கால் பிசகி நான்கு அடிகூட எடுத்து வைக்க முடியவில்லை என்றால் முதலில் எக்ஸ்ரே. காய்ச்சல், காரணமில்லாத எடைக்குறைவு, எப்படிப் படுத்தாலும் விடாத இரவு வலி, முன்பு புற்றுநோய் வந்த வரலாறு ஆகியவற்றில் எது இருந்தாலும் டாக்டரைப் பார்த்த பிறகே பிசியோதெரபி.

வேலையிடத்துக் காயமும் கார் விபத்துக் காயமும் தனிக் கணக்கு. அங்கே பணம் கட்டுவது வேறு இன்சூரன்ஸ். முன் அனுமதி, எழுத்துப்பூர்வ உத்தரவு என்று அதற்கு வேறு சட்டதிட்டம். இந்தக் கட்டுரையை வைத்துக்கொண்டு அங்கே போகாதீர்கள்.

மற்றபடி நேராகப் போகத் தகுந்தவை நிறைய: கணினி முன் உட்கார்ந்து வந்த கழுத்துவலி, சாதாரண இடுப்புவலி, மூட்டு இறுகி அசைய மறுக்கும் "உறைந்த தோள்", முழங்கால் தேய்மானம், காலையில் கட்டிலை விட்டு இறங்கும்போது சுருக்கென்று குத்தும் குதிகால். படுக்கையில் புரண்டால் உலகமே சுற்றும் ஒருவகைத் தலைசுற்றலைத் தலையைக் குறிப்பிட்ட வரிசையில் திருப்பியே இவர்கள் சரிசெய்கிறார்கள். பிரசவத்துக்குப் பிறகு இருமினால் சிறுநீர் கசிவதை "பிள்ளை பெற்றால் அப்படித்தான்" என்று சொல்லிச் சொல்லியே பல பெண்களை நாம் ஆண்டுக்கணக்கில் சகிக்க வைத்திருக்கிறோம். அதற்கென்றே பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்டுகள் இருக்கிறார்கள்.

படி 1: உங்கள் மாநிலம் எவ்வளவு தூரம் விடுகிறது?

டாக்டர் சீட்டு இல்லாமல் நேராகப் போக 1957இல் நெப்ராஸ்கா வழிவிட்டது. இன்று 50 மாநிலங்களிலும், தலைநகர் வாஷிங்டனிலும், ஏதோ ஒரு வடிவத்தில் நேரடி அனுமதி உண்டு. சிக்கல் அந்த "ஏதோ ஒரு வடிவத்தில்" என்பதில் இருக்கிறது.

மாசசூசெட்ஸ், கொலராடோ, அரிசோனா, மேரிலாந்து போன்றவற்றில் சட்டம் நாள் கணக்கு எதுவும் வைப்பதில்லை. கலிஃபோர்னியாவில் 45 நாட்கள் அல்லது 12 அமர்வுகள், எது முதலில் வருகிறதோ அதுவரை. அதற்கு மேல் தொடர வேண்டுமானால் டாக்டர் உங்களை நேரில் பரிசோதித்து, சிகிச்சைத் திட்டத்தில் தேதியிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். நியூயார்க்கில் 30 நாட்கள் அல்லது 10 அமர்வுகள். சிகிச்சை தருபவருக்குக் குறைந்தது 3 ஆண்டு அனுபவமும் இருக்க வேண்டும். ஜார்ஜியாவில் 21 நாட்கள் அல்லது 8 அமர்வுகள். மிச்சிகனில் 21 நாட்கள் அல்லது 10 அமர்வுகள்.

எங்கள் டெக்சஸ் சற்றுக் கஞ்சம். 2019 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டப்படி 10 வேலை நாட்கள். முனைவர் பட்டத்தோடு மேற்பயிற்சியோ சிறப்புத் துறைச் சான்றிதழோ உள்ளவரிடம் போனால் 15 வேலை நாட்கள். வாரம் இரண்டு அமர்வு என்றால் நான்கிலிருந்து ஆறு அமர்வுக்குள் கடிகாரம் நின்றுவிடும். ஒரு தோள் சரியாக அது போதாது. ஆனால் டாக்டரின் அப்பாயிண்ட்மென்டுக்காகக் காத்திருக்கும் அந்த வாரங்களை வீணாக்காமல் தொடங்கிவிட அது போதும். அதில்தான் இந்தச் சட்டத்தின் அருமை இருக்கிறது.

சட்டங்கள் அவ்வப்போது திருத்தப்படுகின்றன. ஆகவே கூகுளில் கிடைக்கும் பழைய பட்டியலையோ, மேலே நான் எழுதியதையோ வேதவாக்காக எடுத்துக்கொள்ளாமல், உங்கள் மாநிலப் பிசியோதெரபி வாரியத்தின் இணையதளத்தைப் பாருங்கள். பெரும்பாலும் கேள்வி-பதில் பக்கத்திலேயே இருக்கும்.

படி 2: இன்சூரன்ஸுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு

உயிர்நாடி இந்தப் படியில்தான். ஒரு பேனாவும் தாளும் எடுத்துக்கொள்ளுங்கள். அட்டையின் பின்புறம் உள்ள எண்ணை அழையுங்கள். எனக்கு 38 நிமிடம் ஆனது. அதில் 25 நிமிடம் இசை.

பொதுவாக "பிசியோதெரபிக்குப் பணம் தருவீர்களா?" என்று கேட்டால் "தருவோம்" என்று சொல்லி வைத்துவிடுவார்கள். அது பதிலே அல்ல. கேட்க வேண்டியது இப்படி:

"டாக்டரின் பரிந்துரை இல்லாமல், மருத்துவமனையில் தங்காத நோயாளியாக நான் பிசியோதெரபிக்குப் போனால், முதல் நாள் பரிசோதனைக்கும் அதன் பிறகான சிகிச்சைக்கும் என் பாலிசி பணம் தருமா?" பரிசோதனை, சிகிச்சை இரண்டையும் தனித்தனியாகச் சொல்லிக் கேளுங்கள்.

"முன் அனுமதி வேண்டுமா? எத்தனையாவது அமர்விலிருந்து?" என் பாலிசியில் பரிந்துரை தேவையில்லை, ஆனால் ஆறாவது அமர்வுக்குப் பிறகு முன் அனுமதி தேவை. கேட்டிராவிட்டால் ஏழாவது அமர்வின் பில் முழுவதும் என் தலையில் விழுந்திருக்கும்.

"ஆண்டுக்கு எத்தனை அமர்வு?" சில பாலிசிகள் பிசியோதெரபியையும் அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபியையும் ஒரே கணக்கில் வைக்கும்.

"என் டிடக்டிபிளில் இன்னும் எவ்வளவு பாக்கி?" இன்சூரன்ஸ் பணம் தரத் தொடங்கும் முன் ஆண்டுதோறும் நாம் கைப்பணத்தில் கட்டித் தீர்க்க வேண்டிய தொகை அது. பெரும்பாலும் அந்தக் கணக்கு புதிதாகத் தொடங்கும் ஜனவரியில் தோள் பிடித்துக்கொண்டால், "இன்சூரன்ஸ் உண்டு" என்ற நிம்மதிக்கு அர்த்தமே இல்லை. ஒவ்வொரு முறையும் நம் பங்காகக் கட்டும் கோ-பே எவ்வளவு என்பதையும் கேளுங்கள். டாக்டரைப் பார்ப்பது ஒருநாள் கூத்து, பிசியோதெரபி அப்படியல்ல. ஒவ்வொரு முறைக்கும் 40 டாலர் என்றால் 12 அமர்வுக்கு 480 டாலர்.

முடிக்கும்போது பேசியவரின் பெயரையும் அழைப்பின் குறிப்பு எண்ணையும் வாங்கித் தேதியோடு எழுதி வையுங்கள். பின்னால் பில் மறுக்கப்பட்டால் மேல்முறையீட்டில் கையில் நிற்கும் ஆயுதம் அந்த ஒரு வரிதான்.

பி.பி.ஓ. வகைப் பாலிசிகளில் பொதுவாகப் பரிந்துரை கேட்பதில்லை. ஹெச்.எம்.ஓ. வகையில் குடும்ப டாக்டர் வழியாகத்தான் எதுவும் நகரும். உங்களுடையது இரண்டாவது என்றால் சட்டம் பேசி நேரத்தை வீணாக்காதீர்கள். டாக்டரின் இணையதளப் பக்கத்தில் நான்கு வரி எழுதி அனுப்புங்கள்: எங்கே வலி, எத்தனை நாளாக, எது செய்ய முடியவில்லை, எந்த நிலையத்துக்குப் போக விரும்புகிறீர்கள். பல டாக்டர்கள் ஒரு காணொளிச் சந்திப்போடு எழுதித் தந்துவிடுவார்கள். வீம்பைவிட அந்தச் சீட்டு மலிவு.

படி 3: நிலையத்தைத் தேர்ந்தெடுத்தல்

உங்கள் இன்சூரன்ஸோடு ஒப்பந்தம் உள்ள நிலையங்களின் பட்டியலை எடுத்து, நேரடியாக வருபவர்களை ஏற்கிறார்களா என்று ஒவ்வொன்றையும் கேளுங்கள். சட்டமும் இன்சூரன்ஸும் சம்மதித்தாலும், பெரிய மருத்துவமனைகளோடு இணைந்த சில பிரிவுகள் தங்கள் வழக்கப்படி சீட்டு இல்லாமல் தேதி தருவதில்லை. தனி நிலையங்கள் இதில் தாராளம். கட்டணமும் பெரும்பாலும் குறைவு.

அடுத்து, நான் முக்கியமாக நினைக்கும் கேள்வி: "ஒரு அமர்வில் பிசியோதெரபிஸ்ட் என்னோடு மட்டும் எத்தனை நிமிடம் இருப்பார்?" ஒரே நேரத்தில் மூன்று பேரை மூன்று மேசையில் படுக்க வைத்து, ஒருவருக்கு ஐஸ், ஒருவருக்கு மின்தூண்டல், ஒருவருக்கு சைக்கிள் என்று ஓட்டும் இடங்கள் உண்டு. ஐஸ் கட்டி வீட்டு ஃப்ரிட்ஜிலும் இருக்கிறது.

இங்கே இப்போது பட்டம் பெற்று வருபவர்கள் முனைவர் பட்டத்தோடு வருவதால் பெயருக்கு முன் "டாக்டர்" என்று இருக்கலாம். அவர் மருந்து எழுதும் டாக்டர் அல்ல. எலும்பு-தசை, விளையாட்டு, நரம்பு, முதியோர் போன்ற துறைகளில் தேர்வெழுதிப் பெற்ற சிறப்புச் சான்றிதழ் இருக்கிறதா என்று பாருங்கள். டெக்சஸில் அது கூடுதலாக ஐந்து வேலை நாட்களையும் வாங்கித் தருகிறது. உரிமம் செல்லுபடியாகிறதா என்று வாரியத்தின் இணையதளத்தில் பெயரைத் தட்டினால் இலவசமாகத் தெரிந்துவிடும்.

படி 4: முதல் நாள்

அரைமணி நேரம் முன்னதாகப் போங்கள், படிவங்கள் ஏராளம். டெக்சஸில் ஒரு தனித் தாளில் கையெழுத்து வாங்குவார்கள்: "இது டாக்டர் செய்த நோயறிதல் அல்ல, இன்சூரன்ஸ் பணம் தராமல் போகலாம்" என்ற அர்த்தத்தில் இருக்கும். நியூயார்க்கிலும் கலிஃபோர்னியாவிலும் இதுபோன்ற அறிவிப்பு உண்டு. பார்த்ததும் பயப்பட வேண்டாம்; இரண்டாம் படியை ஒழுங்காக முடித்தவர்களுக்கு அது வெறும் தாள்.

மருந்துப் பட்டியலை எழுதி எடுத்துப் போங்கள், மாத்திரை அட்டையின் படமாவது கையில் இருக்கட்டும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் இதை மறந்தே போகக் கூடாது. தோள், முழங்கால் வெளியே தெரியும் ஆடை அணியுங்கள்.

என்னைப் பார்த்தவர் முதலில் தோளைத் தொடவே இல்லை. பதினைந்து நிமிடம் கேள்விதான் கேட்டார். எந்தப் பக்கம் படுத்தால் விழிப்பு வருகிறது? பின்பாக்கெட்டிலிருந்து பர்ஸை எடுக்க முடிகிறதா? பிறகு முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்துக்கொண்டு முன்கையை வெளிப்பக்கமாகத் திருப்பச் சொல்லி, இரண்டு கைகள் கொண்ட பிளாஸ்டிக் கோணமானியை வைத்து அளந்தார். இடது கை 70 டிகிரி. வலது கை 20. "நீங்கள் சும்மா இருங்கள், நான் திருப்புகிறேன்" என்று அவரே மெல்லத் திருப்பினார். அப்போதும் 25இல் கதவு தாழ்ப்பாளில் இடிப்பதுபோல நின்றது. அவர் சொன்ன விளக்கம் எளிமையானது: தசைநார் கிழிந்திருந்தால் எனக்குத்தான் தூக்க முடியாது, அடுத்தவர் தூக்கினால் பொதுவாகத் தூக்க வரும். யார் திருப்பினாலும் வரவில்லை என்றால் மூட்டைச் சுற்றிய உறை இறுகியிருக்கிறது. உறைந்த தோள்.

கோணமானியைக் கீழே வைத்த கையோடு அடுத்த கேள்வி: "உங்களுக்குச் சர்க்கரை உண்டா?" இல்லை என்றேன். "கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?" மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. உறைந்த தோளும் சர்க்கரை நோயும் அடிக்கடி சேர்ந்தே வருகின்றன என்று சொல்லி, குடும்ப டாக்டரிடம் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளச் சொன்னார். டாக்டரைத் தவிர்க்கப் போன இடத்திலிருந்து டாக்டரிடமே அனுப்பப்பட்டேன். நல்ல பிசியோதெரபிஸ்டுக்கு அடையாளம் கேட்டால் இதைத்தான் சொல்வேன். முதல் நாளே "20 அமர்வு கட்டுங்கள், தள்ளுபடி உண்டு" என்று சொல்லும் இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

கிளம்பும் முன் மூன்று விஷயங்கள் கையில் இருக்க வேண்டும்: என்ன பிரச்சினை என்று அவர் நினைக்கிறார், எத்தனை வாரத்தில் எது மாற வேண்டும், வீட்டில் செய்ய வேண்டிய பயிற்சிகள்.

படி 5: கடிகாரம் நிற்பதற்கு முன் கையெழுத்து

முதல் அமர்வு முடிந்த அன்றே குடும்ப டாக்டரிடம் ஒரு அப்பாயிண்ட்மென்ட் போட்டுவிடுங்கள், மாநில வரம்பு முடியும் தேதிக்கு முன்னதாக. பிசியோதெரபி நிலையம் சிகிச்சைத் திட்டத்தை டாக்டருக்கு ஃபாக்ஸில் அனுப்பும். ஆமாம், ஃபாக்ஸ், அமெரிக்க மருத்துவம் இன்னும் அதை விடவில்லை. அனுப்பியதாக இவர்கள் சொல்வார்கள், வரவில்லை என்று அவர்கள் சொல்வார்கள். என் விஷயத்தில் 11ஆவது வேலை நாளில்தான் டாக்டர் அலுவலகம் "வரவே இல்லையே" என்றது. நானே ஒரு பிரதியைக் கையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். முதல் நாளே அந்தப் பிரதியைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பில் வந்த பிறகு

பில்லில் "யூனிட்" என்று இருக்கும். நேரடியாகக் கைவைத்துச் செய்யும் சிகிச்சை 15 நிமிடக் கணக்கில் விற்கப்படுகிறது. முதியோருக்கான அரசு இன்சூரன்ஸான மெடிகேரின் விதிப்படி 8 முதல் 22 நிமிடம் வரை ஒரு யூனிட், 23 முதல் 37 வரை இரண்டு, 38 முதல் 52 வரை மூன்று. 40 நிமிடம் இருந்துவிட்டு வந்தவருக்கு ஐந்து யூனிட் போட்டிருந்தால் விளக்கம் கேளுங்கள்.

இன்சூரன்ஸைத் தொடாமல் கைப்பணம் கட்டுபவர்களுக்கு 2022 ஜனவரி முதல் ஒரு பாதுகாப்பு உண்டு. முன்கூட்டித் தேதி வாங்கும்போது எழுத்துப்பூர்வமான செலவு மதிப்பீட்டைக் கேட்டு வாங்கலாம். ஒரு நிலையத்தின் பில் அதன் மதிப்பீட்டைவிட 400 டாலரோ அதற்கு மேலோ கூடினால் முறையீடு செய்யலாம். டிடக்டிபிள் பெரிதாகப் பாக்கி இருப்பவர்களுக்குச் சில நேரம் கைப்பண விலையே குறைவாக இருக்கும். ஆனால் அந்தப் பணம் பொதுவாக டிடக்டிபிள் கணக்கில் சேராது. மருத்துவச் செலவுக்கென்று வரியில்லாமல் சேமிக்கும் ஹெச்.எஸ்.ஏ. கணக்கிலிருந்து கட்டலாம்.

ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா அப்பாவுக்கு

பார்வையாளர் விசாவில் வந்தவர்களின் பயண இன்சூரன்ஸ் இன்னொரு உலகம். ஏற்கெனவே இருந்த முழங்கால் தேய்மானத்துக்குப் பொதுவாகப் பணம் தராது. இங்கே வந்து புதிதாகப் பிசகியதற்குத் தந்தாலும், டாக்டர் முதலில் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும் என்று பல பாலிசிகள் நிபந்தனை வைத்திருக்கின்றன. அங்கே நேராகப் போனால் பணம் போனது போனதுதான்.

கிரீன் கார்டு பெற்று ஐந்து ஆண்டு தொடர்ந்து வாழ்ந்து, 65 வயதைத் தாண்டி மெடிகேர் வாங்கியவர்களுக்கு நிலைமை மேல். முதலில் டாக்டரைப் பார்த்துவிட்டு வர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆனால் சிகிச்சைத் திட்டம் டாக்டர் ஒருவருக்குப் போய் 30 நாட்களுக்குள் ஒப்புதல் பெற வேண்டும். டாக்டரே இல்லாமல் மெடிகேரில் இதை ஓட்ட முடியாது.

மொழி விஷயம் ஒன்று. அரசு நிதி பெறும் நிலையங்கள் மொழிபெயர்ப்பாளரை இலவசமாக ஏற்பாடு செய்ய வேண்டும். தொலைபேசி வழியாகத் தமிழும் கிடைக்கும். தேதி வாங்கும்போதே கேளுங்கள். "நானே சொல்லிவிடுகிறேன்" என்று பிள்ளைகள் கிளம்புவதில் ஒரு ஆபத்து இருக்கிறது. என் அம்மாவின் முழங்காலுக்காகக் கைப்பணம் கட்டி ஒரே ஒரு பரிசோதனைக்குக் கூட்டிப்போனேன். அவர் ஐந்து நிமிடம் பேசினார். நான் அதை "வலிக்கிறதாம்" என்று ஒரே சொல்லில் ஆங்கிலமாக்கினேன். அம்மா விடவில்லை. "வலி இல்லையப்பா. மூட்டுக்குள்ளே குடைகிறது. கால் விரலில்தான் காந்துகிறது. ரெண்டும் வேற வேற என்று சொல்." திருத்திச் சொன்னேன். பிசியோதெரபிஸ்ட் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். குடைச்சல் மூட்டைக் காட்டும், காந்தல் நரம்பைக் காட்டும். அதுவரை முழங்காலை மட்டும் பார்த்தவர் அம்மாவின் இடுப்பையும் பார்க்கத் தொடங்கினார். குத்துகிறதா, இழுக்கிறதா, மரத்துப்போகிறதா, விண்விண்ணென்று தெறிக்கிறதா என்று முந்தைய இரவே பெற்றோரிடம் கேட்டுத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

அன்று அம்மாவுக்கு ஐந்து பயிற்சிகள் எழுதிக் கொடுத்தார்கள், படத்தோடு. முதல் பயிற்சி, சாப்பாட்டு மேசை நாற்காலியில் கையூன்றாமல் பத்து முறை எழுந்து உட்காருவது. அந்தத் தாளைத்தான் திருச்சிக்கு எடுத்துப் போனார். அங்கே அவருடைய பிசியோதெரபிஸ்ட் அதைப் பார்த்துவிட்டு, நாற்காலியின் மேல் ஒரு தலையணையைப் போட்டு உயரத்தைக் கூட்டச் சொன்னாராம்.